சொன்ன பேச்சைக் கேட்காத பூனை

கதைக்காரிக்குத் தொண்டை திறந்துவிட்டது. அந்த வீட்டில் மற்றவர்களுக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போன வாரம் முழுக்கச் சளி பிடித்துக் குரல் போய், துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டியே அவள் குடும்பம் நடத்தியதை மறந்திருக்க மாட்டீர்கள். தம்பியோடு போட்ட சண்டையைக்கூடக் காகிதத்தில்தான் போட்டாள். வாயால் போட்டிருந்தால் அன்றைக்கே ஆறிப்போயிருக்கும். எழுதிப் போட்டதால் இன்னும் ஆறவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அக்கா எழுதுவாள், தம்பி படம் வரைவான். இருவரும் சேர்ந்து செய்வது, எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளைகளுக்கான பூனைப் புத்தகம். பக்கத்துக்கு ஒரே ஒரு வரி, அதற்கு மேலே பெரிய படம். நாயகன் பெயர் வம்பு. ஒரு காது கிழிந்த, மஞ்சள் கோடு போட்ட அந்தப் பூனை செய்யாத அட்டகாசம் கிடையாது. ஆறு புத்தகம் வந்தாயிற்று.

ஏழாவதில்தான் வினை பிடித்தது. பூனையைப் பார்த்துப் பிள்ளைகளும் காலுறையைச் சூப்புப் பாத்திரத்தில் போடுகிறார்கள் என்று சில பெற்றோர் பதிப்பாளர் அம்மாவிடம் புலம்பினார்களாம். அதனால் இந்தப் புத்தகத்தில் வம்பு திருந்தியே ஆகவேண்டும் என்று உத்தரவு. கதைக்காரி சரியென்று தலையாட்டிவிட்டாள். தம்பிக்கு வயிறு எரிந்தது.

"பூனையைத் திருத்திட்டா அப்புறம் புத்தகத்துல என்ன மிச்சம் இருக்கும்? அட்டைதான்" என்றான்.

அவள் ஒரு காகிதத்தில் எழுதி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். எழுத்து என்ன சொல்கிறதோ அதைத்தான் படம் காட்ட வேண்டும். பாய் என்றால் பாய், நாய் என்றால் நாய். இந்தத் தொழிலில் அதுதான் விதி. அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவன்தான். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட நடுவில் அவள் புருஷனோ பெண்ணோ தூது போக வேண்டியிருந்தது.

இன்று காலை பார்த்தால், சாப்பாட்டு மேசையில் சர்க்கரை ஜாடியின் அடியில் படங்கள் எல்லாம் முடிந்து வரிசையாக இருந்தன. அவன் தேநீர் குடிக்க வெளியே போயிருந்தான்.

அவளுக்கு அதைப் புரட்டிப் பார்க்க நேரமில்லை. இன்று சாயங்காலம் கம்பளம்.

கம்பளம் என்றால் என்னவென்று சொல்கிறேன். பதிப்பாளர் அம்மாவின் அலுவலகத்தில் ஒரு சிவப்புக் கம்பளம் உண்டு. ஒரு பிள்ளை தன்னந்தனியாக அதில் உட்கார்ந்து, யாரும் எடுத்துக்கொடுக்காமல், புத்தகத்தை முழுதாக வாசித்தால்தான் அது அச்சுக்குப் போகும். ஆறு புத்தகத்துக்கும் அதில் உட்கார்ந்தவள் கதைக்காரியின் மகள் வாண்டு. ஒன்றாம் வகுப்பு. ஒரு முன்பல் ஆடிக்கொண்டிருக்கிறது. நாளைக்குப் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அங்கே கூட்டிப்போவது எப்போதும் மாமாதான், அதில் மட்டும் அவனுக்குச் சலிப்பே கிடையாது.

ஆறு புத்தகத்தையும் தண்ணீர் பட்ட பாடாக வாசித்தவள் வாண்டு. பள்ளியில் சேர்வதற்கு முன்பே முதல் புத்தகத்தை வாசித்தாள். அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவர்தான் போவார்; ஓடாத லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஜனங்களுக்கு, கதவு திறக்கும் வரைக்கும், தன் பெண் படிக்கிற கதையைச் சொல்லித்தான் தைரியம் கொடுப்பார்.

"இந்தா, ஒரு தடவை படிச்சுப் பாரு" என்று வாண்டுவிடம் தாள்களைக் கொடுத்துவிட்டு, கதைக்காரி அடுப்பில் முட்டையை உடைத்து ஊற்றினாள்.

வாண்டு காலை ஆட்டிக்கொண்டே நடுவிலிருந்து ஒரு தாளை எடுத்து ஆரம்பித்தாள்.

"வம்பு திரையில தொங்குது."

கதைக்காரி திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு வரியை அவள் எழுதவே இல்லை.

"வம்பு பானைக்குள்ள தலைய விடுது."

அதுவும் இல்லை. கரண்டியோடு வந்து குனிந்து பார்த்தாள். அச்சு அசலாகத் திரைச்சீலையில் தொங்கியது பூனை. கீழே அவள் எழுதிக் கொடுத்த வரி அப்படியே இருந்தது: வம்பு பாயில் தூங்கும். அடுத்த தாளில் பானைக்கு மேலே வால் மட்டும் தெரிந்தது. கீழே: வம்பு பாலைத் தொடாது.

தம்பி மேல் முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பூனையைத் திருத்தச் சொன்னால் பயல் இன்னும் கெடுத்து வைத்திருக்கிறானே! அந்தக் கோபம் பாதி வழி வந்து நின்றது. படம் தப்பு, சரி. எழுத்து சரியாகத்தானே இருக்கிறது? எழுத்தைப் பார்த்துப் படிக்கிற பிள்ளை திரையில் தொங்குது என்று எப்படிச் சொல்லும்?

ஒரு தட்டை எடுத்துப் படத்தை மூடினாள். வரி மட்டும் வெளியே தெரிந்தது.

"இப்பப் படி கண்ணு."

வாண்டு தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், ஆடும் பல்லை நாக்கால் தள்ளினாள். பிறகு நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கதைக்காரிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவள் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுவாள். ஒரு வரியை அறுபது விதமாகச் சொல்லிப் பார்த்து, அதில் ஒன்றை எழுதுவாள். அவள் எழுதும்போது வாண்டு இந்த மேசைக்கு அடியில்தான் விளையாடுவாள். ஆறு புத்தகமும் அச்சுக்குப் போகும் முன்பே குழந்தைக்கு மனப்பாடம். ஏழாவதை எழுதும்போதுதான் அவளுக்குக் குரல் இல்லை. காதில் விழாத புத்தகம் என்பதால் பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். படமாவது விதிப்படி இருந்திருந்தால் குத்துமதிப்பாகச் சொல்லித் தப்பித்திருப்பாள். மாமா புண்ணியத்தில் அதுவும் போயிற்று.

அவளும் மண்டிபோட்டு மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். உனக்குப் படிக்க வராதா, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அது வாண்டுவுக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

"நீங்கதான் எனக்குப் படிக்கத் தெரியும்னு சொன்னீங்க" என்றாள் வாண்டு. "அப்பா லிஃப்ட்ல எல்லார்கிட்டயும் சொன்னாரு. எல்லாரும் கை தட்டினீங்க. நான் எப்படிச் சொல்றது?"

அடுப்பில் முட்டை கருகியது.

உடனே பதிப்பாளர் அம்மாவுக்குப் போன் செய்து, இன்று வேண்டாம், வேறு நாள் பார்க்கலாம் என்று கேட்டாள். அதெல்லாம் முடியாது, அச்சகத்தில் இடம் போட்டாயிற்று, உங்கள் பெண்ணுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, ஊதித் தள்ளிவிடுவாள் என்று அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். பெற்ற பெண்ணைத் தானே கம்பளத்தில் உட்கார வைத்து நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கப் போகிறோம் என்று நினைத்தபடியே கருகிய சட்டியைச் சுரண்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா தம்பி உள்ளே நுழைய வேண்டும்!

ஒரு வாரமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் மொத்தமாக வந்தது. நல்ல தொண்டை வேறு. மாடி வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பியும் சும்மா இல்லை. நீ பார்த்துவிட்டுக் கத்துவாய், அப்படியாவது என்னோடு பேசுவாய் என்றுதான் வரைந்தேன், ஒழுங்கான படத்தையும் வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன், காலையில் எழுந்து ஒரு தடவை புரட்டிப் பார்க்கக்கூட முடியவில்லையா உனக்கு என்று அவன் பங்குக்குக் கத்தினான்.

"பாயில தூங்கும்னு நான் எழுதினா, நீ திரையில தொங்கவிடுவியா?"

மேசைக்கு அடியிலிருந்து களுக்கென்று ஒரு சத்தம் வந்தது.

பெரியவர்கள் கவனிக்கவில்லை. விதி, பொறுப்பு, நன்றி என்று சண்டை எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. அடியில் வாண்டு மட்டும் யோசித்தாள். பாயில் தூங்க வேண்டிய பூனை திரையில் தொங்குகிறது. அப்படியென்றால் பானைக்குள் தலையை விட்ட பூனை, உண்மையில் என்ன செய்திருக்க வேண்டும்? அம்மா என்ன எழுதியிருப்பாள்? கேட்டால் சொல்வார்கள்தான். ஆனால் இருவரும் இருக்கிற இருப்பில் யார் போய்க் கேட்பது?

கையை மேலே நீட்டித் தாளை இழுத்துக்கொண்டாள். எழுத்து அவளுக்குத் தெரியும். பள்ளியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சேர்த்துப் பார்க்கத்தான் இதுவரை தேவை வரவில்லை. படம்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதே. இப்போது படம் பொய் சொல்கிறது. விரலை வைத்தாள்.

"பா... பாலை... பாலைத்... தொ... தொடா... து."

பிறகு அடியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், மேசையே குலுங்கியது. "பாலைத் தொடாதாம்! தலையே உள்ள இருக்கு! பாலைத் தொடாதாம்!"

அக்காவும் தம்பியும் சண்டையை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு வாண்டுவைப் பிடிக்க முடியவில்லை. தாள்களை அள்ளிக்கொண்டு மாமாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், மாமாவையும் இழுத்துக்கொண்டாள். மத்தியானம் முழுக்க உள்ளே ஒரே சிரிப்பு. ஒழுங்கான படத்தை எடுத்துக்கொண்டு போகலாமா என்று தம்பி நடுவில் தலையை நீட்டிக் கேட்டான். எழுத்தைத்தான் படம் காட்ட வேண்டும் என்ற தன் விதியால் வந்த வினையை அக்கா தன் கண்ணாலேயே பார்த்தாயிற்று.

"கெட்ட பூனையையே எடுத்துட்டுப் போவோம்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு வரியைக் குழந்தை படித்தாள், சரி. அந்த ஒரு வரியையும் காலையில் கோபத்தில் நானே கத்தியிருப்பேனோ? மற்ற வரிகளை மத்தியானம் முழுக்க மாமா வாயிலிருந்து கேட்டிருப்பாளே. இதுவும் மனப்பாடமாகிவிட்டால்? இத்தனை காலம் ஏமாந்தவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

சாயங்காலம் நால்வரும் கிளம்பினார்கள். பதிப்பகம் ஐந்தாவது மாடியில். லிஃப்ட்டில் யாரோ ஒரு பெரியவர் ஏறினார். மெக்கானிக்குக்கு நாக்கு சும்மா இருக்குமா? "இவ என் பொண்ணு சார். பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே..." என்று ஆரம்பித்தார். கதைக்காரி அவர் காலை மிதித்தாள். காலையில் நடந்தது எதுவும் தெரியாத மனுஷன் ஏன் மிதிக்கிறாள் என்று விழித்தார். வாண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பதிப்பாளர் அம்மாவின் அறையில் அச்சு மையும் ஏலக்காயும் கலந்த வாசனை. ஜன்னலோரம் பழைய புத்தகங்கள், நடுவில் அந்தச் சிவப்புக் கம்பளம். வாண்டு போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெரியவர்கள் சுவரோரமாக நின்றார்கள். பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது.

"வம்பு நல்ல பூனை" என்று வாண்டு விரல் வைத்து வாசித்தாள். படத்தைத் திருப்பிக் காட்டினாள். பூனை மீன் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

பதிப்பாளர் அம்மாவின் புருவம் ஏறியது. அடுத்த பக்கம். அடுத்த பக்கம். வாண்டு ஒவ்வொரு வரியையும் கண்டிப்பான குரலில் வாசிப்பாள். பிறகு படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். பாலைத் தொடாது என்ற இடத்தில் அந்த அம்மாளும் அடக்க முடியாமல் சிரித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அடடா, இது திருந்தவே இல்லையே. எழுத்து மட்டும்தான் திருந்தியிருக்கு" என்றார். புலம்பிய பெற்றோருக்கு எழுத்தைக் காட்டுவேன், பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டுவேன் என்று அவருக்கு அப்போதே ஒரு கணக்கு ஓடியது.

கதைக்காரிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மதில்மேல் பூனையாக நின்றது போதும் என்று, அவரை ஜன்னலோரம் அழைத்துப்போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்த ஆறு புத்தகத்தையும் என் பெண் படிக்கவில்லை, ஒப்பித்தாள். எனக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்றாள். மெல்லத்தான் சொன்னாள். ஆனால் சின்ன அறை, மெக்கானிக்கின் காதிலும் விழுந்தது. பாவம், அவர் முகம் அப்படியே தொங்கிவிட்டது.

பதிப்பாளர் அம்மா கம்பளத்தைப் பார்த்தார். "அப்போ இது?" என்று கேட்டார். "இதை நிஜமாவே படிச்சாளா?"

ஆம் என்று சொல்லக் கதைக்காரிக்கு ஆசைதான். தெரியாதே.

கம்பளத்தில் வாண்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இருந்தாள். வம்பு திருந்தியது என்ற வரிக்கு மேலே, பூனை யாருடைய தொப்பியையோ போட்டுக்கொண்டு தெருவில் ஓடியது. ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிப் பக்கம் இந்தத் தெருதான். பின்னால் வரிசையாகக் கடைகள், கடைகளுக்குச் சின்னச் சின்னப் பலகைகள். எல்லோரும் பூனையைத்தான் பார்ப்பார்கள். பலகையில் எழுதியது கதைக்காரியும் இல்லை, பிழை திருத்துகிறவரும் அதைத் திருத்தியதில்லை. அது ஓவியன் பாடு.

வாண்டு தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். எழுத்தைக் கண்டால் விடுவதில்லை என்று இன்றைக்குத்தான் முடிவெடுத்தவள் அல்லவா. விரல் நகர்ந்தது.

"பல்... டாக்... டாக்டரே..."

"போதும்டா தங்கம், புத்தகம் முடிஞ்சிருச்சு" என்று சுவரோரம் நின்ற மாமா பாய்ந்தான். கம்பளத்தில் பெரியவர்கள் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். பதிப்பாளர் அம்மா ஒரு விரலைத்தான் உயர்த்தினார். அவன் ஓரத்திலேயே ஒற்றைக் காலில் நின்றுவிட்டான்.

"ஒரு... டீ... கு... குடி... குடிக்க... லாமா. பல் டாக்டரே, ஒரு டீ குடிக்கலாமா?" வாண்டு நிமிர்ந்தாள். "மாமா, இது உங்க எழுத்து மாதிரியே இருக்கே."

இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? அம்மா எழுதவில்லை. மாமா செத்தாலும் வாய் திறந்திருக்க மாட்டான். படத்தைப் பார்த்துச் சொல்ல, அந்தப் படத்தில் டாக்டரும் இல்லை, டீயும் இல்லை. எழுத்து மட்டும்தான் இருந்தது, அதைப் பிள்ளை படித்தாள்.

கதைக்காரி சட்டம் கிட்டம் எதுவும் பார்க்கவில்லை. கம்பளத்தின் நடுவில் போய் உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பரவாயில்ல. நான் ஊர்ல சொன்னது ஒண்ணும் பொய்யில்ல. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

பதிப்பாளர் அம்மா இதற்குள் பழைய ஆறு புத்தகத்தையும் இறக்கி, ஒவ்வொன்றின் கடைசிப் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் அதே பலகை, அதே கேள்வி. எத்தனையோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கேள்வி. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைத்த ஓவியன், இப்போது நிஜமாகவே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அக்காவுக்கு, பல் டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் அவன் சட்டை கண்ட இஸ்திரி, ஒவ்வொரு புத்தகத்தையும் முதல் வேலையாக அந்தக் கிளினிக்கில் கொண்டுபோய் வைத்த அக்கறை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது.

"டாக்டர் பார்க்கவே மாட்டாங்கங்கிற தைரியத்துலதான் எழுதினேன் அக்கா" என்றான், கையை எடுக்காமலே.

"இல்லையே மாமா" என்றாள் வாண்டு, ஆடும் பல்லை விரலால் அசைத்துக்கொண்டே. "போன தடவை நீங்க வெளிய போன் பேசிட்டிருந்தப்போ, டாக்டர் ஆன்ட்டி கடைசிப் பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தனியா சிரிச்சாங்க. நான் பூனையைப் பார்த்துச் சிரிக்கிறாங்கன்னு நினைச்சேன்."

மாமா மெல்லக் கையை எடுத்தான். நாளைக்கு டாக்டர்கிட்ட எத்தனை மணிக்குப் போகணும் என்று கேட்டான்.